எந்தப் பிடி?

மரகதத்துக்கு முட்டி போனது மரியாதையால்தான். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆனேக்கலில் எங்கள் பெண்கள் கபடி டீமுக்கு ஞாயிறுதோறும் பயிற்சி. நான் ரமா, தடுப்பில் நிற்கிறவள். மரகதம் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வருகிற ரைடர். மற்ற நாட்களில் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு கேப் அனுப்பும் வேலை. டிரைவர்களோடு நாள் முழுக்கக் கத்திக் கத்தியே அவளுக்கு அந்த மூச்சு வந்தது என்பேன். மூலையில் நிற்கும் சிந்து அப்போதுதான் திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தாள். கன்னடம் சுத்தமாக வராது. ஆனால் கணுக்கால் கிடைத்தால் உடும்புப் பிடிதான்.

கோச் மஞ்சுநாத் கன்னடக்காரர். எந்தப் பெண்ணையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். முதல் நாள் அவர் கன்னடத்தில் மரியாதையாக 'வாங்க' என்று சொல்ல, அது 'பன்னி' என்று காதில் விழுந்து சிந்து முறைத்தது தனிக்கதை. அன்றே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு பயிற்சி ஆட்டத்தில் சிந்து மரகதத்தின் வலது கணுக்காலைப் பிடித்தாள். மரகதம் கோட்டுப் பக்கம் திரும்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் சிந்துவின் கையில். மஞ்சுநாத் பதறிப்போய், "பிடி! பிடி!" என்று கத்தினார். கன்னடத்தில் அது 'விடுங்க'. சிந்துவுக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். பாவி, இன்னும் இறுக்கினாள். டப்பென்ற சத்தம் எனக்கே கேட்டது. மரியாதையை விட்டு 'பிடு' என்றிருந்தால்கூட அவளுக்கு 'விடு' என்று புரிந்திருக்கும்!

முட்டிக்குள் லிகமெண்ட் கிழிந்துவிட்டது.

"நடக்கிறதுக்கு ஆபரேஷன் அவசியமில்லம்மா," என்றார் டாக்டர்.

"ஆடறதுக்கு?"

"வேணும். ஆனா ஆடினா முட்டி மறுபடியும் போயிடலாம்."

"அப்ப பண்ணிடுங்க சார்."

ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியவளை ஆபீஸில் போய்ப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பைத்தியமாடீ உனக்கு? யாருக்காக இதெல்லாம்?" என்று திட்டினேன். ஆபீஸ் மேசைக்கடியில் காலை நீட்டி மடக்கிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "மூச்சு முட்டி நின்னா நிக்கறேன். இந்த முட்டியா என்னை நிறுத்தறது?"

அவள் கால் தேறியது. சிந்துவின் கைதான் தேறவில்லை. யார் காலைத் தொட்டாலும் சுட்டதுபோல் விட்டுவிடுவாள். டீமை விட்டே போகிறேன் என்றாள்.

டாக்டர் ஆடலாம் என்று சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிறு, மரகதம் நேராக சிந்துவின் மூலைக்கே பாடிக்கொண்டு போய், அதே வலது காலை நீட்டினாள். சிந்து தொட்டாள், விட்டாள். மரகதம் மறுபடி போனாள். மறுபடி அதே.

மூன்றாவது தடவை மரகதம் பாட்டையே நிறுத்தினாள். பாட்டு நின்றால் அவுட். அதைப் பற்றி அவளுக்கென்ன?

"பிடி!"

சிந்துவுக்கு அழுகை. "எந்தப் பிடிக்கா?"

"தமிழ்ப் பிடிடீ, லூசு! சும்னே அழாத." 'சும்மா'வுக்கு அவள் வாயில் கன்னடம்தான் வந்தது.

கோட்டுக்குத் திரும்பிப் போய், புதிதாகப் பாடிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை சிந்து பாய்ந்தாள். மரகதம் இழுத்தாள், திரும்பினாள், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் குப்புற விழுந்தாள். மஞ்சுநாத் வாயைத் திறக்கவில்லை; இப்போதெல்லாம் அவருக்கு விசில்தான். ஊதினார். சிந்து உடனே விட்டாள்.

எங்கள் எல்லார் கண்ணும் அந்த முட்டிமேல். மரகதம் கையூன்றி எழுந்தாள், அந்தக் காலையே முதலில் ஊன்றி.

"அவுட்டு. ஒத்துக்கறேன்," என்றாள். "இப்பதான்டீ பிடிச்சிருக்கே."