சிற்றாற்றங்கரையில் கட்டிய பச்சை வலை

சித்திரையில் குற்றாலம் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். அருவியில் ஈரம்கூட இருக்காதுதான். நான் கிளம்பியது ஒரு சந்தேகத்தால். போன வருடம் சிற்றாற்றின் செங்குத்தான மண்கரையில் பச்சைப் பஞ்சுருட்டான் பறவைகள் வளை தோண்டிக் குஞ்சு பொரித்த அதே இடம், ஒரு மனை விளம்பரத்தில் வந்திருந்தது. ‘பறவைகளோடு வாழுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள்.

தென்காசியில் தங்கி, காலை 6.10க்கு ஆட்டோ பிடித்தேன். குற்றாலம் சாலையில் நாலு கிலோமீட்டர், பிறகு மண்பாதையில் எண்ணூறு மீட்டர். காத்திருந்து திரும்ப ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் இசக்கி அண்ணாச்சி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“மனை வாங்கவா சார்?”

“பறவை பார்க்க.”

“மனைன்னே சொல்லுங்க. பறவைன்னா உள்ள விடமாட்டாவ.”

பறவைக்கும் வாசலுக்கும் என்ன பகை?

வயலை நிரவி எல்லைக்கல் நட்டிருந்தார்கள். கரையோரத்து மருதமரங்கள் இல்லை. வளைகள் இருந்த மண்சுவர் முழுக்கப் பச்சை நிழல்வலை, முளையடித்து இறுக்கிக் கட்டியது. விற்பனைக்காரர் சிரித்தபடி வந்தார். “வெள்ளம் வந்தா கரை இடியக் கூடாதுல்லா சார், அதுக்குத்தான்.”

செடிக்கு நிழல் கொடுக்கிற வலை வெள்ளத்தைத் தடுக்குமா? கேட்பதற்குள் ஒரு கார் வந்தது. அவர் அங்கே ஓடினார்.

பைனாகுலரில் பார்த்தேன். ஒரு பஞ்சுருட்டான் அலகில் தும்பியோடு பறந்து வந்து வலையில் தொற்றியது, திரும்பியது, மறுபடி வந்தது. இருபது நிமிடத்தில் ஏழு முறை. இரையைத் தானே தின்னாமல் சுமக்கிறது என்றால், உள்ளே குஞ்சு இருக்கிறது.

“முந்தாநேத்துதான் கட்டுனாவ,” என்றது பின்னால் ஒரு குரல். சைட்டின் காவல்காரி பேச்சியம்மாள். “யாராச்சும் வளைய போட்டோ எடுத்து மனு போட்டுருவாவன்னு. உள்ள குஞ்சு கத்துதுன்னேன். ஒன் சோலியப் பாருன்னுட்டாவ.”

என்னை ஆழம் பார்க்கத்தான் இவளை அனுப்பியிருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது. வனத்துறைக்குப் போன் செய்தேன். மத்தியானத்துக்கு மேல்தான் ஆள் வருவார் என்றார்கள்.

அவள் அதுவரை காத்திருக்கவில்லை. கரையில் இறங்கி, நாலு முளைகளைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி மேலே செருகினாள். “காத்துல பிச்சுக்கிட்டுன்னு சொல்லிக்கிடுதேன்.” அப்போது ஓர் இலைகூட அசையவில்லை.

நாங்கள் விலகி நின்றோம். 7.40க்கு முதல் பறவை உள்ளே போனது. ஐந்து வளைகளில் மூன்றுக்குப் பறவைகள் வந்தன. மற்ற இரண்டுக்கு, ஒன்பது மணிவரை எதுவும் வரவில்லை.

இரண்டரைக்கு வனக்காவலர் வந்தார். குஞ்சு பறக்கும்வரை கரையைத் தொடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். விற்பனைக்காரர் எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டினார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: பங்குனி, சித்திரையில் காலை ஆறரை முதல் ஒன்பது வரை நல்ல நேரம். எதிர்க்கரையில் நில்லுங்கள், வளை அருகே போகாதீர்கள். மனை வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து ஆற்றங்கரை வரை நடந்து பாருங்கள். எதையாவது மூடியிருந்தால், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து இசக்கி அண்ணாச்சியை அந்தப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். போட்டோ அனுப்பினார். மண்கரை இருந்த இடத்தில் கான்கிரீட் சுவர்.

“குஞ்செல்லாம் பறந்த பொறவுதான் கட்டுனோம்னு சொல்லுதாவ சார்.”

“பேச்சியம்மாள் என்ன சொல்கிறாள்?”

“அந்தம்மா இப்ப அங்கன வேலையில இல்லியே.”