உதட்டால் வழிகாட்டுபவள்

பொன்னுலிங்கம் கடையில் மூன்றாவது தட்டிலிருக்கும் வினிகர் பாட்டிலை ரோவினா உதட்டால் காட்டிக்கொண்டிருக்கிறாள். தாடையைச் சற்றுத் தூக்கி, உதடுகளைக் குவித்து, வேண்டிய பொருளின் பக்கமாக ஒரு நீட்டு. இடது கையில் குடை, வலது கையில் பை. கை காலியாக இருந்தாலும் அவள் அப்படித்தான் காட்டுவாள். "இதா? அதுக்குப் பொறத்த உள்ளதா?" என்று கேட்டபடி பொன்னுலிங்கம் அந்த உதடு போகும் கோட்டிலேயே கையை நகர்த்துகிறார். சரியான பாட்டிலைத் தொட்டதும் ரோவினா இரண்டு புருவங்களையும் தூக்குகிறாள். அவள் நாட்டில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள்.

இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர ஒரு வருடம் பிடித்தது. முதல் நாள் அவள் தேங்காயெண்ணெய்க்கு உதட்டைக் குவித்தபோது, பொன்னுலிங்கம் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே ஓடி மனைவியை வெளியே அனுப்பினார். "இனி அந்த வீட்டு மருமவ வந்தா நீ நில்லு. எனக்குப் பேரப்பிள்ளைய உண்டு, கேட்டியா?" மனைவி வந்து பார்த்துவிட்டு, "பாவம், வாயில வல்லதும் முள்ளு குத்தியிருக்கும்" என்றாள்.

ரோவினா பிலிப்பைன்ஸில் இலோய்லோ ஊர்க்காரி. தோஹாவில் ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலை பார்த்தாள். அங்கே குளிர்பெட்டி பழுதுபார்க்க வந்த அருமனைக்காரன் பெனின், பழுதில்லாத பெட்டிகளையும் பழுதுபார்க்க வரத் தொடங்கியதில் கல்யாணம் நடந்தது. ஆறு வருடமாக அருமனையில் இருக்கிறாள். மரச்சீனி, சாளை மீன், தேங்காய், பலா என்று எதைப் பார்த்தாலும், "எங்க நாட்டிலயும் உண்டு" என்பாள். அத்தோடு விடமாட்டாள். "அங்க இதவிட வலுசு" என்பாள். மாமியார் செல்லக்கனிக்கு அது பொறுக்காது. பலாப்பழத்தில் தொடங்கும் போட்டி வாழை, நண்டு, கரப்பான் வரைக்கும் நீளும். புயலில் மட்டும் செல்லக்கனி இதுவரை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

ரோவினாவின் தமிழ் மாமியாரிடம் கற்றது. அதனால் முப்பத்து நான்கு வயதுக்காரி அறுபது வயதுக்காரியைப் போலப் பேசுவாள். செல்போனில் சிக்னல் போனால், "சவத்து எளவு, இதுக்க கோலத்தப் பாரு" என்று அவள் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

கல்யாணமாகி வந்த அன்று, தன் நாட்டு மரியாதைப்படி, மாமியாரின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றினாள். செல்லக்கனி பதறிவிட்டாள். "ஏலே பெனினே, பிள்ளைக்குக் காய்ச்சலாக்கும். தொட்டுப் பாக்கச் சொல்லுதா!" மூன்று நாள் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். நாலாவது நாள்தான் பெனின் விஷயத்தைச் சொன்னான். அவனுக்கு அந்த மூன்று நாளும் சிரிப்பை அடக்குவதே வேலையாக இருந்தது. இப்போது தினமும் காலையில் செல்லக்கனியே கையை நீட்டுகிறாள். ஒற்றி முடித்ததும், "காய்ச்சல் இல்ல, போ" என்கிறாள்.

ரோவினாவின் கைப்பையில் லேமினேட் செய்த சின்ன வரைபடம் ஒன்று எப்போதும் இருக்கும். யாராவது 'சைனாக்காரி' என்றால் அது வெளியே வரும். "நான் சைனா இல்ல. பிலிப்பைன்ஸ். தீவு. ஏழாயிரத்தி அறுநூத்தி நாப்பத்தியொண்ணு எண்ணம்." ஆட்டோ ஓட்டும் தாணு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது சரிதான். இதில சைனாவுக்கு எந்தத் தீவில எறங்கணும்?" என்று கேட்டார். ரோவினா சண்டை போடவில்லை. "தாணு அண்ணே, மெட்ராசுக்குப் போனா உங்கள எல்லாரும் எந்த ஊருண்ணு சொல்லுவினும்?" என்றாள். தாணுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மலையாளியாண்ணு கேப்பானுவ. நல்ல தமிழ் பேசுத மனுசனப் பாத்துக் கேக்குத கேள்வியா அது?" ரோவினா புருவங்களைத் தூக்கினாள். அன்றிலிருந்து தாணுவின் ஆட்டோவில் அவள் பிலிப்பைன்ஸ்காரி. சைனா என்று சொல்லும் பயணிகளை அவரே திருத்துகிறார். தீவுக் கணக்கில்தான் நூறு, இருநூறு முன்னே பின்னே ஆகும்.

இத்தனையிலும் ஊருக்கு இன்றுவரை செரிக்காதது நட்சத்திரம். அவள் நாட்டில் செப்டம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுகிறது. அருமனைக் கடைகளுக்கு ஸ்டார் வந்து சேர நவம்பர் ஆகும். அதனால் ரோவினா மூங்கிலைச் சீவி, கண்ணாடித்தாள் ஒட்டி, கீழே இரண்டு குஞ்சம் வைத்துத் தானே செய்துகொள்கிறாள். செப்டம்பர் முதல் தேதி வாசலில் தொங்கவிட்டு விளக்கைப் போடுவாள். எதிர்வீட்டில் ஓணத்துக்குப் பூக்கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "செல்லக்கனியக்கா, உங்க வீட்டில ஏசு ஓணத்துக்கே பொறந்திட்டாரா?" என்பார்கள். செல்லக்கனி பதிலுக்குத் தாடையைத் தூக்கி, உதட்டைக் குவித்து, மருமகள் இருக்கும் அடுக்களையைக் காட்டுவாள். அது கேலி. ஆறு வருடமாகச் செய்து செய்து அந்தக் கேலி நன்றாகப் படிந்துவிட்டது.

இந்த வருடம் செப்டம்பர் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெனினின் தங்கை அபினாவைப் பெண் பார்க்கக் கருங்கல் ஊரிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. இது மூன்றாவது இடம். இரண்டாவது இடம் கைவிட்டுப் போனதற்குக் காரணம் ரோவினாவின் உதடு. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அவள் உதட்டால் நாற்காலியைக் காட்டினாள். அவர் நாற்காலியில் உட்காராமல் நேராகக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். 'பொண்ணு கொள்ளாம், வீடுதான் ஒரு மாதிரி' என்று பிறகு தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை செல்லக்கனி மருமகளை உட்காரவைத்துப் பேசினாள். "மக்கா, இந்த இடமும் மாறிச்சிண்ணா எனக்க பிள்ள வீட்டிலயே இருந்து போவா. ஸ்டார அவுத்துரு. வாய அடக்கி வச்சுக்க. எந்த ஊருண்ணு கேட்டா மணிப்பூருண்ணு சொல்லிரு. அதுன்னா இந்தியாவாக்கும், அடுத்த கேள்வி வராது."

"அம்மா, அது எப்பிடி..." என்று பெனின் தொடங்கினான்.

"நீ சும்மா கெடலே. உனக்க ஏசிக்குக் கேஸ் அடிக்கப் போ."

நட்சத்திரத்தை ரோவினாவே கழற்றினாள். அபினாவின் படுக்கையறைப் பீரோ மேல் வைத்து, ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். சனிக்கிழமை முழுக்க அடுக்களையில் விரலால் காட்டிப் பழகினாள். அது உப்பு. அது புளி. அது அம்மி. விரலை நீட்டும்போதெல்லாம் புளியையும் அம்மியையும் திட்டுவதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்த அபினா, "மைனி, அம்மியப் பாத்து ஏன் மன்னிப்புக் கேக்குதிய?" என்று சிரித்தாள். மூன்றாவது நிபந்தனைக்கு மட்டும் ரோவினா புருவத்தைத் தூக்கவில்லை. சைனா என்பவர்கள் தெரியாமல் சொல்கிறார்கள். மணிப்பூர் என்று தன் வாயால் சொன்னால், அது தெரிந்து சொல்வதாகிவிடும். அபினாவுக்காக அதையும் சொல்லலாமா என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைவரை விடை கிடைக்கவில்லை.

கருங்கல்காரர்கள் நான்கு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சத்தியநேசன் வாட்டசாட்டமான ஆள். மாப்பிள்ளை உட்கார்ந்ததிலிருந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். சளியாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரோவினா இரண்டு கையாலும் முந்திரிக்கொத்துத் தட்டைப் பிடித்தபடி வந்தாள். அந்த நேரம் பார்த்து சத்தியநேசன் அவளிடமே, "கை கழுவணுமே மக்கா, எங்கயாக்கும்?" என்று கேட்டார்.

விரலால் பழகியதெல்லாம் காலிக் கைக்குத்தான் உதவும். ரோவினாவின் தாடை தானாக எழும்பியது. உதடு குவிந்து கொல்லைப்புறத்தை நோக்கி நீண்டது.

செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். "அவளுக்கு வாயில புண்ணு!" என்றாள், யாரும் கேட்காமலே.

சத்தியநேசன் கை கழுவப் போகவில்லை. ரோவினாவை உற்றுப் பார்த்தார். "பிலிப்பைன்ஸா?"

ஆறு வருடத்தில், வரைபடத்தை வெளியே எடுக்காமல், அந்தச் சொல்லை முதலில் இன்னொருவர் வாயிலிருந்து அவள் கேட்டது அன்றுதான்.

"மணிப்பூரு" என்றாள் செல்லக்கனி.

"இலோய்லோ" என்றாள் ரோவினா.

"மணிப்பூரில இலோய்லோவா?" என்று சத்தியநேசன் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் இருபத்திரண்டு வருசம் கப்பலில பம்ப்மேனாக்கும். கூட உள்ளவனுவ பாதிப்பேரு இவியளுக்க ஆளு. ஒருத்தன் கை நீட்டிக் காட்டணுமே? ஸ்பானர் எங்கலேண்ணா வாயி. கேப்டன் எங்கலேண்ணா வாயி. எனக்கே ஒட்டிப்போச்சு. இப்பம் இவனும் கப்பலில ஏறி அதையே படிச்சிட்டு வந்திருக்கான்." மகனின் பக்கம் திரும்பினார். "கையை எடுலே. பொண்ணு பாக்கப் போற இடத்தில வாய அடக்கி வச்சுக்கோண்ணு நாங்க சொல்லிக் கூட்டிட்டு வந்ததாக்கும். போன எடத்தில இவன் பொண்ணுக்க பெரியம்மைக்கிட்ட ஃபேன் சுவிச்ச உதட்டால காட்டி, அந்தம்மா போலீசக் கூப்பிடப் போயிட்டாவ."

மாப்பிள்ளை மெல்லக் கைக்குட்டையை எடுத்தான். கதவுக்குப் பின்னால் தேயிலைத் தட்டோடு நின்ற அபினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துத் தேநீர் சிந்தத் தொடங்கியதும், செல்லக்கனி ஓடிப்போய்த் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

சத்தியநேசன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "இண்ணு செப்டம்பர் ஏழாச்சே. ஸ்டார் எங்க? எங்க கப்பல் குக்கு ஒண்ணாந்தேதியே கட்டிருவான். நடுக்கடலிலயும் விடமாட்டான். நீ கட்டலியா மக்கா?"

மாமியாரைக் காட்டிக்கொடுக்க ரோவினாவுக்கு மனம் வரவில்லை. முந்திரிக்கொத்துகளை எண்ணுவதுபோலத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்லக்கனி மருமகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாசலோரம் நின்ற பெனினைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கையிலும் தேயிலைத் தட்டு. தாடையை மெல்லத் தூக்கி, உதடுகளைக் குவித்து, அபினாவின் அறைப் பீரோ இருக்கும் பக்கமாக நீட்டினாள்.