சுவரைப் பார்த்து வாங்கிய கிடார்

கிடார் வாங்கும்போது அதைப் பார்க்கவே கூடாது என்பது என் கட்சி. பளபளப்பு கண்ணை மயக்கிவிடும். கடைக்காரர் வாசிக்க, நாம் சுவரைப் பார்த்து நின்று காதால் மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கிற அத்தனை பேரிடமும் இதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும்.

பகலில் எனக்கு ரைஸ் மில்லில் வேலை. இருபது வருஷ இரைச்சல். சில மாதங்களாக இடது காதில் மெல்லிய சத்தங்கள் விழுவதே இல்லை. வலது காதும் அதன் பின்னால் போகிறதோ என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவனை எந்தக் கச்சேரியில் சேர்ப்பார்கள்? பழைய கிடாரின் கழுத்து வளைந்துவிட்டதால் புதிது வாங்கியே ஆகவேண்டும். தலைவலி, வெயில் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

கடையில் இரண்டு கிடார்களை மடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் கைக்கு அடக்கம். கம்பி விரலை அறுக்கவில்லை. என் மனைவி கல்வராயன் மலைமேல் இருக்கிற கரியாலூர்க்காரி. பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் இரண்டின் முதுகையும் தட்டிப் பார்த்தாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, என் கட்சி தெரிந்தவராதலால், வழக்கம்போலத் திரும்பி நிற்கச் சொன்னார். மறுக்க வழியில்லை.

சுவரில் ஒரு சாமி காலண்டர். அவர் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார். தடித்த கம்பிகள் நன்றாகவே கேட்டன. கொஞ்சம் மூச்சு வந்தது. இனி மெல்லிசுக் கம்பி மட்டும், மெதுவாக, என்றார். காத்திருந்தேன். தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. இன்னும் ஏன் தொடங்கவில்லை என்று கேட்க வாயெடுத்தேன்.

"இன்னா சார், எது?" என்றார் அவர்.

வாசித்து முடித்துவிட்டிருந்தார், இரண்டையும். திரும்பினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று சாமி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி என் வலது பக்கம் வந்து முழங்கையைத் தொட்டாள்.

"ரெண்டாவதுதாங்க. அவுரு மூஞ்சியப் பாத்தாலே தெரிதே," என்றாள் கடைக்காரரிடம்.

அதையே கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வண்டிகள் உரசிப்போகிற பக்கமாக இருந்தும் அவள் என் வலது பக்கமே நடந்து வந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"தீபாவளிக்கிப் புதுக் கொலுசு வாங்கினேன் இல்ல," என்றாள். "பத்து நாளு வூட்டுக்குள்ள போட்டுகினு நடந்து பாத்தேன். நீங்க ஒரு வாட்டிகூடத் திரும்பல. அப்பறம் கழட்டி வச்சிட்டேன்."

குனிந்து அவள் காலைப் பார்த்தேன். செருப்பு மட்டும்தான், கொலுசு இல்லை. கச்சேரி போய்விடுமே என்றுதான் அதுவரை பயந்திருந்தேன். இன்னும் எதையெல்லாம் கேட்காமல் விட்டேனோ என்ற பயம் அங்கே வைத்துத்தான் வந்தது. நாளைக்கே காது டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று நானே சொன்னேன்.