சீற் தண்டில் ஓட்டைகள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பனில், ட்ராம் போகும் தெரு ஒன்றில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஆளை நிற்கவைத்துக் கால், கை, முதுகு எல்லாம் அளந்து, மெல்லிய உருக்குக் குழாய்களை வெட்டி அராவி, பித்தளையால் ஒட்டி, அவருக்கென்றே பந்தயச் சைக்கிள் செய்து கொடுக்கும் கடை. பிரேம் முடிந்ததும் என் மனைவி வர்ணம் பூசி, கீழ்க்குழாயில் மெல்லிய தூரிகையால் என் பெயரை எழுதுவாள். யாழ்ப்பாணத்துப் பெயர், குழாய் முழுவதும் ஓடும். சுருக்கச் சொன்னால் கேட்கமாட்டாள்.

வேலை எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. வந்த ஆட்கள்தான் என் உயிரை வாங்கினார்கள். நான் பார்த்துப் பார்த்து அராவிய குழாய் மூட்டுகளை ஒருவரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். வந்ததும் சைக்கிளை ஒரு விரலால் தூக்குவார்கள். "கொஞ்சம் பாரம்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பெடலில் ஒரு அவுன்ஸ் குறைக்கச் சொல்லி என்னோடு மல்லுக்கட்டிய மனிதர், வெளியே போய் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி இரண்டை நின்ற நிலையில் விழுங்குவார். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடிப்பேன்.

அந்த நாட்களில் ஓட்டை போடும் வியாதி வேறு பரவியிருந்தது. எடை குறைக்கவென்று பிரேக் பிடி, சங்கிலிச் சக்கரம் எல்லாவற்றையும் இடியப்ப உரலின் அடித்தட்டுப்போல் ஆக்கித் தரச் சொல்வார்கள். ஓட்டை போட்டாலும் தாங்கும் இடத்தில் நானும் போட்டுக் கொடுத்தேன். ஆளின் பாரம் இறங்கும் இடத்தில் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுவேன். சீற்றை, அதாவது இருக்கையைத் தாங்கும் தண்டு அப்படிப்பட்ட இடம்.

எங்கள் தெருத் தபால்காரன் என்னிடம் சைக்கிள் செய்வித்தவன். நல்ல உயரம், அகன்ற தோள். கிழமை முழுவதும் தபால் கந்தோரின் இரும்புச் சைக்கிளில் மூட்டை சுமப்பான், முணுமுணுக்கமாட்டான். என் சைக்கிளைத் தூக்கும்போது மட்டும் அவனுக்கு முகம் கோணும். ஆனால் பந்தயச் சைக்கிள் ஓடத் தெரிந்தவன். மாநில அணிக்குத் தெரிவாகும் தறுவாயில் இருந்தான். அவன் தெரிவானால் நாட்டின் பந்தயக்காரர் எல்லோரும் என் பெயரைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஆசை இருந்தது, நிறையவே இருந்தது.

காலையில் கடிதத்தை நீட்டும்போதே கேட்பான், சீற் தண்டில் ஓட்டை போட்டால் என்னவென்று. முடியாது என்பேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

தெரிவுப் பந்தயம் டண்டினோங் மலையில் நடந்தது. ஒவ்வொருவராக ஏறவிட்டு நேரம் பார்ப்பார்கள். பாதி ஏற்றத்தில் அவனுடைய சீற் தண்டு முறிந்தது. நல்லகாலம், காயமில்லை. மிச்சத் தூரத்தை நின்றபடியே மிதித்து முடித்தான், நேரம் போய்விட்டது. அன்று மாலைக்குள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: அந்தக் கடைச் சைக்கிள் முறியும். முறிந்த துண்டை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. குழாயில் இருந்த பெயரை எல்லோரும் வாசித்திருந்தார்கள்.

மறுநாள் இரண்டு துண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மேலிருந்து கீழாக இரண்டு வரிசை ஓட்டைகள். வீட்டில் கைத்துளைப்பானை வைத்து அவனே போட்டது. எனக்கு வந்த கோபத்தில் ஆங்கிலம் வரவில்லை. அவன் தலை குனிந்து மிச்சத்தையும் சொன்னான். கடைக்காரரின் பிழையால் முறிந்திருந்தால் இன்னொரு முறை ஓடலாமாம். ஓடியவனே கைவைத்திருந்தால் இல்லையாம். கேட்டறியத் தெரிவுக் குழுவினர் கடைக்கு வருவார்களாம்.

"நீங்கள் போட்டது என்று சொன்னால் போதும்."

அவன் போனபிறகு மனைவியிடம் கத்தினேன். அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பாவம், பெடியன். ஓமெண்டு சொல்லிவிடுங்கோவன்."

"என்ர பேர் என்னாகிறது?"

"பேரை எழுதிறது நான்தானே. திருப்பியும் எழுதுவன்."

இந்தப் பெண்ணோடு என்ன பேச முடியும்? கிழமை முழுவதும் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அவள் சொன்னபடியே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவனுக்கு அந்த இடம் கிடைக்கவேண்டும் என்று எனக்கும் மனதிலிருந்தது.

குழுவினர் வந்தார்கள். அவனும் கதவோரம் நின்றான். மூத்தவர் துண்டை என் முன்னால் வைத்து, இந்த ஓட்டைகளைப் போட்டது நீங்களா என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது கண் துண்டில் விழுந்தது. ஒரு வரிசை இடப்பக்கம் சரிந்திருந்தது. மற்றது போகும் வழி தெரியாமல் அலைந்திருந்தது. ஓரிடத்தில் ஓட்டையும் ஓட்டையும் ஒன்றாகிக் கிழிந்திருந்தன. விளிம்பைக்கூட அராவவில்லை. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார், நீங்களா என்று.

"நான் இப்படிப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

இடம் வேறொருவனுக்குப் போனது. மனைவி அன்று முழுவதும் தூரிகையைக் கையில் எடுக்கவில்லை.

அடுத்தநாள் காலை அவன் கடிதங்களோடு உள்ளே வந்தான். ஏசப்போகிறான், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவன் கேட்டது வேறு.

"உண்மையில் அவ்வளவு கோணலா?"

அந்த நேரமாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஒன்றுகூட நேரில்லை" என்றேன். இடம் பறிபோனபோதுகூட அவன் முகம் அப்படி விழவில்லை.

மறுவருடம் அவன் மாநில அணிக்குத் தெரிவானான். செய்தி கேட்டு, அணி ஓடிய பந்தயத்துக்குப் போய் அவனுடைய புதுச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தண்டில் ஓட்டை இல்லை, பிரேக் பிடியில்கூட இல்லை. நான் காலைதோறும் தொண்டை கிழியச் சொன்னது எல்லாம் அவன் காதில் ஏறித்தான் இருக்கிறது. கீழ்க்குழாயில் இருந்தது ஆற்றுக்கு அப்பால் உள்ள வேறொரு சைக்கிள் கடைக்காரரின் பெயர்.