வேந்தர் எடுத்த படம்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் ‘வேந்தர்’ என்று பெயர். பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். உள்ளே இருக்கிற வேந்தர் வருடத்துக்கு ஒரு நாள் வந்து பட்டம் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் அத்தான் தினமும் கொடுப்பார், கடைக்கு லீவு விட்டால்தான் அதற்கும் லீவு. அந்தப் பெயரை வைத்தது பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். அத்தானுக்கு அதில் வருத்தமே இல்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

பட்டமளிப்பு விழாவுக்குக் கொடுக்கிற கறுப்பு அங்கியை அன்று மாலைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அந்த விதிதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. கூட்ட நெரிசலில் படம் எடுக்க முடியாமல் போனவர்கள், படத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்கள், விழாவுக்கே வராமல் பட்டத்தைத் தபாலில் வாங்கியவர்கள் எல்லாரும் நேரே சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவார்கள். அத்தானிடம் ஓர் அங்கி, குஞ்சலம் தொங்கும் ஒரு சதுரத் தொப்பி, ஒரு ஹூட் இருந்தன. மூன்றும் பல்கலைக்கழகம் கழித்துப் போட்டபோது ஏலத்தில் எடுத்தவை. பின்னால் தொங்கும் திரையில் புத்தக அலமாரி வரைந்திருக்கும். வரைந்த ஆள் அவசரக்காரர் போலிருக்கிறது, மேல் தட்டுப் புத்தகங்கள் இதோ விழப்போகிறோம் என்று சாய்ந்து நிற்கும்.

ஆளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அத்தான் ஒரு பிரசங்கம் செய்வார். எனக்கே மனப்பாடம்.

“அந்தக் காலத்துல படிச்சவங்க எல்லாம் பாதி சாமியாருங்க. கல்லு மண்டபம், உள்ள குளிர் தாங்காது. அதுக்குப் போட்ட கம்பளி அங்கிதான் இது. கழுத்திலேருந்து முதுகுல தொங்குதே ஹூட், அது தலையில இழுத்துப் போட்டுக்கற முக்காடு. அப்புறம் குளிர் போச்சு, முக்காடு முதுகுக்கு இறங்கிடுச்சு, மரியாதை மட்டும் அப்படியே நின்னுடுச்சு. மண்டபத்துக்குள்ள போறப்ப ஹூட்டை இடது கையில மடிச்சுப் போட்டுக்கணும். பட்டம் கொடுத்தோம்னு வேந்தர் வாயால சொன்ன பிறகுதான் கழுத்துல மாட்டணும். குஞ்சலமும் அப்பதான் வலப் பக்கத்துலேருந்து இடப் பக்கம் வரும். சரி, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க.”

எதிரே இருக்கிறவர் வியர்த்து ஊற்றிக்கொண்டு தாடையைத் தூக்குவார்.

ஹூட்டின் உள்பக்கப் பட்டு எந்த நிறமோ அதுதான் படிப்பின் அடையாளம். அத்தானிடம் இருந்தது வெள்ளைப் பட்டு, கலைப் படிப்புக்கு உரியது. மற்றவர்களுக்கு, அச்சிட்ட படத்தின் மேல் சன்னமான தூரிகையால் அவரே சாயம் தீட்டிவிடுவார். அறிவியலுக்கு மஞ்சள், சட்டத்துக்கு ஊதா, மருத்துவத்துக்குச் சிவப்பு. “இவரு தொட்டுப் பூசினா டாக்டர், தொடாம விட்டா பி.ஏ.” என்பாள் அக்கா. சொல்லிவிட்டு அங்கியைத் தேய்த்தும் கொடுப்பாள்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. வருகிறவர் படித்தாரா என்று அத்தான் கேட்க மாட்டார். “நான் படம் எடுக்கறவன், பரீட்சை வைக்கறவன் இல்ல” என்பது அவர் கட்சி. கடைசிப் பரீட்சையில் தோற்றதை வீட்டில் சொல்லாதவர், பெண் பார்க்கப் போகிறவர், கடை வாசலில் மாட்டப் படம் வேண்டும் என்கிறவர், எல்லாரும் வருவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் அத்தானுக்குப் பாவமாக இருக்குமாம். போகும்போது காதோடு சொல்லி அனுப்புவார். “யாராவது கேட்டா, அன்னைக்கு வேலை இருந்துச்சு, விழாவுக்குப் போக முடியல, பட்டம் தபால்ல வந்துச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல எவனும் கேட்க மாட்டான்.”

யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் அக்கா அடுப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். லேசில் படுக்கிற ஆள் இல்லை அவள். நான் டயர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், அன்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு பேரும் அவளைத் தாங்கிப் பிடித்து, அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருந்த ஆபரேஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வேறு ஊரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த டாக்டர் என்று சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பேச்சு நிதானமாக இருந்தது. “குடல்வால் வீங்கி இருக்கு. இப்பவே எடுத்துடணும். வெடிச்சா விஷம் வயிறு பூராவும் பரவிடும். தயார் பண்ணச் சொல்றேன்.” நர்ஸ் அக்காவை உள்ளே அழைத்துப் போனாள். நாங்கள் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அப்போதுதான் அத்தான் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். அங்கே பெரிய சட்டத்துக்குள் டாக்டரின் பட்டமளிப்புப் படம். வயது குறைவு, மீசை அதிகம், மற்றபடி அவரேதான். கறுப்பு அங்கி, சிவப்பு ஹூட். அத்தான், மூக்கு படச் சட்டத்தில் இடிக்கிற அளவுக்கு நின்று பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“மாப்ளே, அது நான் எடுத்த படம்.”

“சந்தோஷம். இப்ப அதுவா முக்கியம்?”

“பின்னாடி பாரு. நம்ம அலமாரி. மேல் தட்டு சாயுது பாரு. தோள்கிட்ட சிவப்பு விளிம்பைத் தாண்டி வழிஞ்சிருக்கு. என் பிரஷ்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “யாருன்னு ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“எத்தனை முகம் பார்த்திருப்பேன்! ஒண்ணும் வரல.” மறுபடி படத்தைத் திரும்பிப் பார்த்தார். “நிஜமா டாக்டருக்குப் படிச்சவங்களுக்கு அவங்க காலேஜ்லயே படம் எடுத்துடுவாங்க. எங்கிட்ட வந்து சிவப்பு கேட்டவங்க கொஞ்சம் பேருதான். அதுல பாதிக்கு மேல...”

நான் சுவரைக் காட்டினேன். “பக்கத்துல சர்டிபிகேட் மாட்டியிருக்கே?”

“ஜெராக்ஸ் கடைக்காரர் எதுக்கு இருக்காரு?”

நர்ஸிடம் மெல்ல விசாரித்தேன். அவள் சேர்ந்தே சில நாள்தான் ஆகிறதாம். உள்ளே ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது, கூடவே அக்கா முனகுவதும். எனக்கு அத்தானை அங்கேயே நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. அக்கா உள்ளே கிடந்ததால் சும்மா இருந்தேன். இந்த டாக்டர் போலி என்றால் என் அக்காவின் வயிற்றைக் கிழிக்கப் போகிறவர் யாரென்றே தெரியாது. போலி இல்லை என்றால், இங்கிருந்து கூட்டிப் போகிற வழியிலேயே அவள் வயிற்றுக்குள் வெடித்துவிடும். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவள் செத்துப்போவதில் போய் நின்றது. எனக்கு அப்பா அம்மா இல்லை. அக்காதான் என்னை வளர்த்தவள்.

அத்தான் ஒரு முடிவோடு டாக்டர் அறைக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். டாக்டர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. பட்டமளிப்பு மேடையில ஹூட்டை உங்களுக்கு எப்பக் கழுத்துல மாட்டினாங்க? பட்டம் கொடுத்தோம்னு வேந்தர் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

டாக்டர் தலையைத் திருப்பினார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எத்தனையோ கேள்வி கேட்டிருப்பார்கள், இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “நான் விழாவுக்குப் போகலீங்களே. அன்னைக்கு எனக்கு வேலை இருந்துச்சு. பட்டம் தபால்ல வந்துச்சு” என்றார். “ஏன் கேட்கறீங்க?”

வார்த்தை மாறாமல் அதே பாடம். அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மாதான் படம் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. பல்கலைக்கழகத்துக்கு எதிர்ல ஒரு ஸ்டூடியோல எடுத்தேன்.” டாக்டர் உற்றுப் பார்த்தார். “அட, நீங்கதானே அது?”

அத்தான் தலையை எந்தப் பக்கமாக ஆட்டினார் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்துவிட்டோம். “நிஜமாவே தபால்ல வந்திருக்கலாம் இல்ல?” என்று என்னிடம் கேட்டார். “அப்படியும் நடக்கும் இல்ல மாப்ளே? நிறையப் பேருக்கு நடக்குமே?” கடைசியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

திரையை விலக்கிக்கொண்டு அக்கா படுத்திருந்த இடத்துக்குப் போனோம். பின்பக்கம் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியை மாட்டி விட்டிருந்தார்கள். நெற்றியெல்லாம் வியர்வை.

“ஏன் ரெண்டு பேரு மூஞ்சியும் இப்படி இருக்கு? நான் செத்துடுவேனா?”

“சேச்சே” என்றார் அத்தான். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த பெண்ணிடம் அவரால் மறைக்க முடியவில்லை. “அந்த டாக்டர் படம் கூடத்துல மாட்டியிருக்கு இல்ல, அது...”

“அதுக்கென்ன?”

“அது நான் எடுத்தது.”

அக்கா அவரையே பார்த்தாள். கோபப்படவில்லை. வலியில் இழுத்துக்கொண்டிருந்த காலை மெதுவாகக் கீழே விட்டாள்.

“என் துணிய எடுத்துக் கொடுங்க” என்றாள். “வேற எங்கயாவது போயிடலாம்.”

எத்தனையோ பேர் அத்தானை எத்தனையோ விதமாகக் கிண்டல் செய்து கேட்டிருக்கிறேன். அவ்வளவையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்ட மனிதர், இதைக் கேட்டதும் அடி வாங்கினவர் மாதிரி நின்றார். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினார்.

டாக்டர் வாசல் வரை வந்து தடுத்தார். “பெரிய ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. வழியில வெடிச்சா என்ன பண்ணுவீங்க? காரணத்தையாவது சொல்லுங்க.” நாங்கள் அக்காவை வண்டியில் ஏற்றினோம். எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

பாலத்தில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. அக்கா என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் தலைமாட்டில் குனிந்து, இதோ வந்துடுச்சு, இதோ வந்துடுச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாலம் பாதிதான் கடந்திருந்தது. அப்போது அக்காவின் பிடி தளர்ந்தது.

“ஏங்க, வலி நின்னுடுச்சு” என்றாள் ஆச்சரியமாக.

அத்தான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “பார்த்தியா மாப்ளே, ஒண்ணும் இல்ல, வெறும் வாயுவா இருக்கும்!” எனக்கும் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வண்டியில் கூட வந்த ஆம்புலன்ஸ் ஊழியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், டிரைவர் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். “வெடிச்சிருச்சுப்பா. எதிர்த் தடத்துல ஏத்து” என்றார்.

அதற்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

அங்கே தள்ளுவண்டியோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். யார், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவின் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய இடம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அத்தான் முணுமுணுத்தார். கதவு மூடிக்கொண்டது. நடைக்கூடத்தில் உட்கார்ந்தோம். அக்கா செத்துப்போனால் இந்த ஆளோடு இனி ஒரே வீட்டில் இருக்க மாட்டேன் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, “உயிருக்குப் பயமில்ல” என்றார். “ஆனா உள்ள வெடிச்சு நல்லாப் பரவியிருந்துச்சு. இனி ரொம்ப நாள் கவனமா இருக்கணும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் போன் பண்ணி எல்லாத்தையும் தயார் பண்ணி வைக்கச் சொன்னாரு. அதனாலதான் இவங்க பொழைச்சாங்க.”

“எந்த டாக்டர்?” என்றேன்.

“நீங்க முதல்ல பார்த்தீங்களே, அவருதான். முன்னாடி இருந்த ஊர் காலேஜ்ல, கத்தி பிடிக்கவே எங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவரு. இவ்வளவு பெரிய கையை விட்டுட்டு எதுக்குங்க இவங்களை இங்க தூக்கிட்டு வந்தீங்க?”

அத்தான் எழுந்து நின்றார். பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல அவர், ஆயிரம் பேருக்குப் பொய் சொல்லிக் கொடுத்தவர். அன்று ஒன்றும் வரவில்லை.

“அவரோட பட்டமளிப்புப் படம் நான் எடுத்ததுங்க” என்றார்.

பெண் டாக்டருக்கு அது பதிலாகவே தெரியவில்லை. மனைவி பிழைத்த சந்தோஷத்தில் மனிதர் பெருமை பேசுகிறார் என்று நினைத்திருப்பார். களைத்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஓ, காலேஜ்ல அவரு ரூம்ல மாட்டி வெச்சிருந்தாரே, அதுவா? ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.