பைபாஸில் நின்ற பேருந்து

என் வீட்டுக்காரருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். மெதுவாக வளர்வதால் ஆபரேஷன் வேண்டாம், அவ்வப்போது ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். மூன்றாம் முறை எடுத்துவிட்டு, சேலத்திலிருந்து புதுச்சத்திரத்துக்குப் பேருந்தில் திரும்பினோம்.

ராசிபுரம் தாண்டியதும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஒண்ணுக்கு முட்டுது, வரமாட்டீங்குது. ஆருகிட்டயும் சொல்லாத புள்ள."

வேற்று ஆண்களிடம் நான் பேசிப் பழகியதில்லை. அவர் முனகுவதைக் கேட்க முடியாமல் எழுந்தேன்.

"சாமி, வண்டிய நிறுத்துங்க."

"பைபாஸ்ல நிறுத்த முடியாதுங்கம்மா" என்றார் கண்டக்டர்.

"அவருக்கு ஒண்ணுக்கு அடைச்சுக்கிச்சுங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஊட்டுலயே போயிட்டு வரக்கூடாதா பெருசு?" என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

"வாய மூடுய்யா" என்ற கண்டக்டர் விசில் அடித்தார்.

சாலையோரம் முந்தானையை விரித்து அவரை மறைத்தேன். கண்டக்டர் பேருந்துக்கு முகம் காட்டி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். நாலு சொட்டு ரத்தம்தான் வந்தது.

"ஊட்டுக்குப் போகாதீங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று, எதிரே வந்த ராசிபுரம் பேருந்தை மறித்து ஏற்றிவிட்டார்.

அங்கே ஆஸ்பத்திரியில் ஒண்ணுக்குப் போகக் குழாய் போட்டதும் சிவப்பாக வடிந்தது.

"இனி அந்த ஊசிக்கு வரமாட்டேன் புள்ள" என்றார்.

எடுத்தால் இந்தப் பாடு. எடுக்காவிட்டால் உள்ளே எவ்வளவு வளர்ந்தது என்று தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுனாலும் எங்கிட்ட மறைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் என் கையை விடவில்லை.