மூடினால் செத்துப்போகிற ஹீரோ

இன்று முகப்பேர் பஸ்ஸில் காமிக்ஸை விரித்துப் பிடித்தபடியே இறங்கப் பார்த்து, படியில் மாட்டிக்கொண்டேன்.

நாலாவது படிக்கும் மகளுக்கு வாசித்துக் காட்டிய பக்கத்தில், சூப்பர் ஹீரோ நேராக நம்மைப் பார்த்து, "புத்தகத்தை மூடினால் நான் செத்தேன்" என்கிறான். அதற்குள் எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது.

"மூடாதப்பா!" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் கத்தினார். "இன்னா நைனா, புக்கை மூடிக்கினு எறங்கு! பின்னால எவ்ளோ பேரு நிக்கிறாங்க!"

"மூடினா அவரு செத்துடுவாரு அங்கிள்!"

பஸ்ஸே சிரித்தது. கம்பியைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. எப்படியோ குதித்தோம்.

கொஞ்ச நாளாகத் தெருவில் என் கையைப் பிடிக்கவே கூச்சப்படுகிறவள், இன்று வீடு வரை விடவில்லை.

கடைசிப் பக்கத்தை முன்பே பார்த்துவிட்டேன், அவன் பிழைத்துக்கொள்கிறான் என்று நான் சொல்லவேயில்லை.